கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்? இதை ஆங்கிலத்தில் இயல்பாக எப்படிக் கேட்பது?

பனித்துளி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. வேலைக்காக ஆங்கிலம் மட்டுமே புழங்கும் ஓர் ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அலுவலகத்தில் சிக்கல் இல்லை. மின்னஞ்சல் எழுதுகிறேன், கூட்டங்களில் பேசுகிறேன். ஆனால் ஒரு கடைக்குப் போன் போட்டு, எத்தனை மணி வரைக்கும் இருக்கும் என்று கேட்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். என் மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி உடைந்து, சரிசெய்யக் கொடுத்திருந்தேன். அன்று மாலையே வாங்கிவிடலாம் என்று போன் போட்டேன். எடுத்ததும் ‘இஸ் த ஷாப் தேர்?’ என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் ‘சாரி?’ என்றார் அந்தப் பெண். நான் தடுமாறி ‘வாட் இஸ் யுவர் க்ளோசிங் டைமிங்?’ என்றேன். ‘ஓ, வீ ஆர் ஓப்பன் டில் குவார்ட்டர் டு செவன்’ என்று ஒரே மூச்சில் சொன்னார். குவார்ட்டர், செவன் இரண்டும் காதில் விழுந்தன. ஏழே கால் என்று எடுத்துக்கொண்டேன்.

சரியாக ஏழு மணிக்குப் போய் நின்றால் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே ஒரு விளக்கு மட்டும் எரிகிறது, ஒருவர் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக் கதவில் தொங்கும் அட்டையைத் திருப்பி விட்டிருந்தார்கள். என் மூக்குக்கண்ணாடி உள்ளே, நான் வெளியே. மறுநாள் முழுக்கக் கணினித் திரையின் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

கடை திறக்கிற நேரம், சாத்துகிற நேரம், இன்று கடை உண்டா இல்லையா, இவற்றை அங்கே இருப்பவர்கள் எப்படிக் கேட்கிறார்கள்? புத்தக ஆங்கிலம் வேண்டாம். வாயில் வருகிற ஆங்கிலம் வேண்டும்.

எழுத்தாணி

வாருங்கள் பனித்துளி. நீங்கள் தடுமாறிய இடம் ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது. நாம் ‘கடை இருக்கா?’, ‘எத்தனை மணி வரைக்கும் கடை இருக்கும்?’ என்று கேட்கிறோம். தமிழில் கடை ‘இருந்தால்’ திறந்திருக்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘இஸ் த ஷாப் தேர்?’ என்றால் அந்தக் கடை அந்த இடத்தில்தான் உள்ளதா என்று கேட்பதாக ஆகும். கடைக்குப் போன் போட்டுக் கடையே இருக்கிறதா என்று கேட்டால் எடுத்தவர் திகைக்கத்தானே செய்வார்?

அடுத்தது, கடையை விட்டுவிட்டு ஆளிடம் கேளுங்கள். போனில் பேசுகிறவரை ‘யூ’ என்று சொன்னால் போதும், அது கடை முழுவதையும் குறிக்கும்.

‘வாட் டைம் டு யூ க்ளோஸ்?’
‘வாட் டைம் டு யூ ஓப்பன்?’

இவ்வளவுதான். இன்றைக்கு மட்டும் என்றால் கடைசியில் ‘டுடே’ சேர்க்கலாம். நாளைக் காலை என்றால் ‘வாட் டைம் டு யூ ஓப்பன் டுமாரோ?’

இதில் ‘வில்’ போட்டு ‘வாட் டைம் வில் யூ க்ளோஸ்?’ என்று கேட்கத் தோன்றும். அதற்கும் தமிழ்தான் காரணம். ‘கடை ஒன்பது மணிக்குத் திறக்கும்’ என்கிறோம். நம் எதிர்கால வினைமுற்று தினசரி வழக்கத்துக்கும் சேர்த்தே வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் வழக்கமாக நடப்பதைச் சாதாரண நிகழ்காலத்தில் சொல்வார்கள். ‘வில்’ போட்டால் பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நேரத்தை இன்றைக்குத்தான் முடிவு செய்யப்போகிறீர்களா என்பது போல ஒரு சாயல் வந்துவிடும்.

கோடைமழை

எழுத்தாணி கேள்வியைச் சொல்லிவிட்டார். ஆனால் பனித்துளிக்குக் கதவு பூட்டிக் கிடந்தது பதிலால். அதைப் பற்றி நான் சொல்கிறேன்.

தமிழில் நேரம் சொல்லும்போது, கடந்துபோன மணியைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்கிறோம். ஆறே கால், ஆறரை, ஆறே முக்கால். மூன்றிலும் ஆறுதான். ஆங்கிலத்தில் அரை மணி தாண்டியதும் திசை மாறுகிறது. அடுத்து வரப்போகும் மணியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று சொல்கிறார்கள். ‘குவார்ட்டர் டு செவன்’ என்றால் ஏழு ஆகக் கால் மணி பாக்கி, அதாவது நம் ஆறே முக்கால். நம் காதுக்கு ‘செவன்’ கேட்டதும் ஏழு தொடங்கிவிடுகிறது. அதனால் ஏழே கால் ஆகிறது. இந்த இடத்தில் விழாத தமிழரை நான் பார்த்ததில்லை, நானும் விழுந்திருக்கிறேன்.

‘டு’ என்றால் பாக்கி, ‘பாஸ்ட்’ என்றால் தாண்டியது. அமெரிக்காவில் பாக்கிக்கு ‘ஆஃப்’ அல்லது ‘டில்’ என்றும், தாண்டியதற்கு ‘ஆஃப்டர்’ என்றும் சொல்வார்கள். ‘குவார்ட்டர் ஆஃப் செவன்’ என்று கேட்டால் அதுவும் ஆறே முக்கால்தான்.

இன்னொன்று, ‘டென் டு எய்ட்.’ நேரத்தைக் கேட்டதற்கு இது பதில் என்றால் எட்டாகப் பத்து நிமிடம். கடை நேரத்தைக் கேட்டதற்குப் பதில் என்றால் பத்து மணியிலிருந்து எட்டு மணி வரை! ‘வீ ஆர் ஓப்பன் டென் டு எய்ட்’ என்றால் வரை. ‘வீ க்ளோஸ் அட் டென் டு எய்ட்’ என்றால் ஏழு ஐம்பது. அந்தச் சின்ன ‘அட்’ இருக்கிறதா என்று காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

தூறல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘ஹாஃப் செவன்’ என்று ஒருவர் சொன்னார். ஏழில் பாதி என்றால் மூன்றரையா?

கோடைமழை

ஏழரை, தூறல். பிரிட்டிஷ் பேச்சில் ‘ஹாஃப் பாஸ்ட் செவன்’ என்பதில் ‘பாஸ்ட்’ தேய்ந்து போய்விட்டது. நம் ஏழரையும் அதே கணக்கு, ஏழும் அரையும். ஆனால் ஜெர்மன் மொழிக்காரர்கள் ‘ஹால்ப் ஸீபன்’ என்றால் ஆறரை! ஏழை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. அதனால் ஜெர்மன் நண்பரோடு ‘ஹாஃப் செவன்’ என்று பேசி வைத்தால் இருவரும் ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளி வந்து நிற்க வேண்டியிருக்கும்.

சாளரம்

எல்லாம் சரி. ஆனால் பனித்துளி ‘க்ளோசிங் டைமிங்’ என்று கேட்டதில் என்ன தப்பு? அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது, பதிலும் சொன்னார். ‘டைமிங்ஸ்’ என்பது நம் நாட்டு ஆங்கிலத்தில் நன்றாக வேரூன்றிய சொல். பல கோடிப் பேர் தினமும் பேசுகிற ஆங்கிலத்தை, வெள்ளைக்காரர் சொல்லவில்லை என்பதற்காகத் தப்பு என்று நாமே தள்ளிவிடக் கூடாது. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு.

எழுத்தாணி

சாளரம், உங்கள் கருத்தை மதிக்கிறேன். அதைத் தப்பு என்று நானும் சொல்லவில்லை. இந்தியாவில் பேசும்போது ‘டைமிங்ஸ்’ தாராளமாகப் போதும், அங்கே ‘அவர்ஸ்’ என்றால்தான் சிலர் யோசிப்பார்கள். ஆனால் பனித்துளி கேட்டது, அவர் இப்போது இருக்கிற ஊரில் காதுக்கு உறுத்தாமல் எப்படிப் பேசுவது என்று. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘டைமிங்’ என்றால் ஒன்றைச் சரியான தருணத்தில் செய்கிற திறமை. நகைச்சுவை நடிகருக்கு ‘டைமிங்’ உண்டு, கடைக்கு ‘அவர்ஸ்’ உண்டு.

அமெரிக்காவில் ‘வாட் ஆர் யுவர் அவர்ஸ்?’ என்று ஒரே வரியில் கேட்டுவிடுவார்கள். திறப்பது, சாத்துவது இரண்டுக்கும் சேர்த்துப் பதில் வரும். பிரிட்டனில் ‘வாட் ஆர் யுவர் ஓப்பனிங் அவர்ஸ்?’ அல்லது ‘ஓப்பனிங் டைம்ஸ்’. ஒன்றைக் கவனியுங்கள். ‘ஓப்பனிங் அவர்ஸ்’ என்றால் திறக்கிற நேரம் மட்டும் இல்லை, கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும். பலகையில் அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு, சாத்துகிற நேரம் எங்கே என்று தேட வேண்டாம்.

சாளரம்

அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். எந்த ஊர்க் காதுக்குப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நடைவழி

இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நான் வெளிநாட்டில் ஒரு கடையின் கல்லாவில் ஆறு வருடம் நின்றவன். போன் எடுப்பதும் என் வேலைதான். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டதைச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்குப் பலமுறை காதில் விழுந்த கேள்வி, ‘ஹாய், வாட் டைம் ஆர் யூ ஓப்பன் டில்?’ இலக்கணப் புத்தகத்தில் இந்த வடிவம் இருக்காது, ‘டில்’ கடைசியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் பிரிட்டிஷ் வாயில் இதுதான் தானாக வருகிறது. நம் ‘எத்தனை மணி வரைக்கும்?’ என்பதற்கு இதைவிட நெருக்கமான ஆங்கிலம் இல்லை. அமெரிக்கர்களிடம் ‘ஹவ் லேட் ஆர் யூ ஓப்பன்?’ அதிகம் கேட்டிருக்கிறேன்.

எட்டு மணிக்கு மேல் போன் போட்டால் எடுத்தவுடனே ‘ஹாய், ஆர் யூ ஸ்டில் ஓப்பன்?’ விடுமுறை நாளில் ‘ஜஸ்ட் செக்கிங், ஆர் யூ ஓப்பன் டுடே?’ பெயர் சொல்லி, வணக்கம் சொல்லி, காரணம் சொல்லித் தொடங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. சாத்துகிற நேரத்தைக் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த நேரம் தேவையே இல்லை. தான் வந்து சேர்வதற்குள் வேலை முடியுமா என்பதுதான் அவர்கள் கவலை. அதை நேராகவே கேட்டுவிடுங்கள். ‘இஃப் ஐ கெட் தேர் பை ஹாஃப் சிக்ஸ், வில் தட் பி ஓகே?’ என்று ஒருவர் கேட்டால், நான் மணியைப் பார்த்து, அவருடைய பொருள் தயாராக இருக்கிறதா என்று பார்த்து, ‘யெஸ்’ என்பேன். சாத்த ஐந்து நிமிடம் இருக்கும்போது வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டி, ‘ஹேவ் ஐ காட் டைம் டு பிக் சம்திங் அப்?’ என்று கேட்பவரை யாரும் திருப்பி அனுப்பமாட்டோம். எதையும் கேட்காமல் உள்ளே வந்து நிதானமாகச் சுற்றிப் பார்ப்பவரைக் கண்டால்தான், கால் வலிக்க நிற்கிற எங்களுக்கு மனம் சோர்ந்துபோகும்.

பனித்துளி

நடைவழி அண்ணா, மிக்க நன்றி. உங்கள் ‘பை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். ‘பை’, ‘டில்’ இரண்டையும் நான் மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறேன்.

இன்னொரு சந்தேகம். ‘இஸ் இட் ஓப்பன்?’, ‘இஸ் இட் ஓப்பன்ட்?’ இரண்டில் எது சரி? ‘ஓப்பன்’ என்றால் ‘க்ளோஸ்’ என்றுதானே வர வேண்டும்? ஏன் ‘க்ளோஸ்ட்’ என்கிறார்கள்?

எழுத்தாணி

‘பை’ என்றால் மணிக்குள். ‘டில்’ என்றால் மணி வரைக்கும். தமிழில் இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பமாட்டீர்கள். ஆறரைக்குள் வருகிறேன், ஆறரை வரைக்கும் இருப்பேன். ஆங்கிலம் பேசும்போதும் முதலில் மனதில் ‘குள்’ வருகிறதா ‘வரைக்கும்’ வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்வி அருமையானது. இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

‘கடை திறக்கும்’ என்பது ஒரு செயல். ஒரு கணத்தில் நடந்து முடிகிறது: சாவி திரும்புகிறது, கதவு திறக்கிறது. ‘கடை திறந்திருக்கும்’ என்பது ஒரு நிலை, மணிக்கணக்கில் நீள்வது. தமிழில் ‘இரு’ சேர்த்து நிலையைக் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஓப்பன்’ என்ற ஒரே சொல் செயலுக்கும் நிலைக்கும் வேலை செய்கிறது. செயல் என்றால் ‘டு யூ ஓப்பன்’. நிலை என்றால் ‘ஆர் யூ ஓப்பன்’. நாம் ‘திறந்து இருக்கு’ என்பதைத் துண்டு துண்டாகப் பெயர்த்து ‘இஸ் ஓப்பன்ட்’ என்று ஆக்கிவிடுகிறோம். கடை திறந்திருக்கிறது என்று சொல்ல அது வேண்டாம், ‘இட்ஸ் ஓப்பன்’ மட்டும் போதும்.

மூடும் பக்கத்தில் அப்படி இல்லை. செயலுக்கு ‘க்ளோஸ்’, நிலைக்கு ‘க்ளோஸ்ட்’. ‘இஸ் இட் க்ளோஸ்ட்?’ என்றுதான் கேட்க வேண்டும். அந்த ‘ட்’டை விழுங்கிவிட்டால் ‘இஸ் இட் க்ளோஸ்?’ ஆகிவிடும். அதற்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பொருள். எழுத்தில் இரண்டு ‘க்ளோஸ்’களும் ஒன்றுதான், ஒலி வேறு. பக்கம் என்ற பொருளில் கடைசி எழுத்து பாம்பு சீறுவது போல வெறும் காற்று. மூடுவது என்ற பொருளில் வண்டு ரீங்கரிப்பது போல அதிரும். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு விரலுக்குத் தெரியும். தமிழில் அந்த அதிரும் ஒலிக்கு எழுத்து இல்லாததால் நாம் இரண்டையும் சீறிவிடுகிறோம்.

இந்தச் செயல்-நிலை வேறுபாடு தெரியாததால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நூலகத்துக்குப் போன் போட்டேன். ‘வீ ஓப்பன் லேட் ஆன் தர்ஸ்டேஸ்’ என்றார்கள். வியாழக்கிழமை இரவு வெகுநேரம் வரை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வேலை முடித்து எட்டு மணிக்குப் போனேன். இருட்டு. வியாழக்கிழமைகளில் காலையில் தாமதமாகத் திறப்போம் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். ‘வீ ஆர் ஓப்பன் லேட்’ என்றிருந்தால்தான் இரவு வெகுநேரம் வரை. இடையில் வருகிற ‘ஆர்’ வேகப் பேச்சில் ‘வீ’யோடு கரைந்து ‘வியர்’ என்று ஆகிவிடும். இருந்ததா இல்லையா என்று காதுக்குச் சட்டென்று தெரியாது. சந்தேகம் வந்தால் ‘ஓப்பன் டில் லேட்?’ என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு ‘டில்’ போதும், பதில் தெளிவாக வந்துவிடும்.

தூறல்

அப்படியென்றால் ‘ஆர் யூ க்ளோசிங்?’ என்று கேட்கலாமா?

நடைவழி

கேட்கலாம் தூறல், ஆனால் அது இப்போதே சாத்தப் போகிறீர்களா என்ற கேள்வி. விளக்கை அணைக்கத் தொடங்கியிருந்தால் பொருத்தம். ‘க்ளோசிங் டவுன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது வியாபாரத்தையே இழுத்து மூடுவது. எங்கள் கடையில் ஒருவர் கவலையோடு ‘ஆர் யூ க்ளோசிங் டவுன் அட் நைன்?’ என்று கேட்டபோது முதலாளியின் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பூட்டிவிட்டுக் கிளம்புவதற்கு ‘க்ளோசிங் அப்’ அல்லது ‘லாக்கிங் அப்’. பிரிட்டனில் ‘க்ளோஸ்’ இடத்தில் ‘ஷட்’ போடுவார்கள். ‘வாட் டைம் டு யூ ஷட்?’ என்றால் கோபமாகக் கேட்கிறார் என்று நினைக்க வேண்டாம், சாதாரணமான சொல்தான்.

கோடைமழை

இவ்வளவு சுருக்கமாகக் கேட்டால் மரியாதைக் குறைவாக இருக்காதா? நான் எப்போதும் ‘குட் யூ ப்ளீஸ் டெல் மீ வாட் டைம் டு யூ க்ளோஸ்?’ என்றுதான் கேட்பேன்.

எழுத்தாணி

கோடைமழை, அதில் ஒரு சின்னச் சிக்கல். ‘குட் யூ டெல் மீ’ வந்துவிட்டால் பின்னால் ‘டு’ வராது. ‘குட் யூ டெல் மீ வாட் டைம் யூ க்ளோஸ்?’ கேள்வி முன்னாலேயே கேட்டாகிவிட்டது, பின்பகுதி சாதாரண வாக்கியம் போல நேராகி விடுகிறது. ‘டு யூ நோ’, ‘ஐ வாஸ் வொண்டரிங்’ இவற்றுக்குப் பின்னும் அப்படித்தான்.

நடைவழி

மரியாதையைப் பற்றி நான் ஒன்று சொல்லலாமா? தமிழில் ‘சொல்லுங்கள்’ என்பதிலேயே மரியாதை ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அது இல்லாததால், நாம் ‘ப்ளீஸ்’, ‘குட் யூ கைண்ட்லி’ என்று அடுக்கி ஈடுகட்டப் பார்க்கிறோம். கல்லாவில் நிற்பவருக்கு அது கனமாகத் தெரியும். பதில் என்னவோ ஒரே ஒரு எண்! தொடக்கத்தில் ஒரு ‘ஹாய்’, கடைசியில் ஒரு ‘தேங்க்ஸ்’, நடுவில் ‘வாட் டைம் டு யூ க்ளோஸ்?’ என்றால் அது நல்ல மரியாதை. எனக்கு எழுத்தாணி சொல்வதில் முழு உடன்பாடு இல்லை. புதிதாகப் பேசுகிறவர்களுக்கு நீளமான வடிவத்தை இப்போதே கற்பிக்க வேண்டாம், அதில்தான் தடுமாறுவார்கள்.

எழுத்தாணி

பேசுவதற்கு வேண்டாம், சரி. ஆனால் வழியில் போகிறவரிடம் பக்கத்துக் கடையைப் பற்றிக் கேட்கும்போது என்ன செய்வார்கள்? அவருக்குத் தெரியுமா என்பதே தெரியாது. அங்கே ‘டு யூ நோ வாட் டைம் இட் க்ளோசஸ்?’ என்பதுதான் முறை. நேராக ‘வாட் டைம் டஸ் இட் க்ளோஸ்?’ என்றால், அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் போல் ஆகிவிடும். கடைக்காரரிடம் குட்டை, மற்றவரிடம் நீளம். இதில் ஒத்துப்போவோமா?

நடைவழி

ஒத்துப்போவோம். அது நியாயம்.

சாளரம்

கிழமைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. ‘ஆர் யூ ஓப்பன் ஆன் சண்டேஸ்?’ என்று பன்மையில் கேட்டால் எல்லா ஞாயிற்றுக்கிழமையும். ‘திஸ் சண்டே’ என்றால் வருகிற ஒன்று. அமெரிக்காவில் ‘மண்டே த்ரூ ஃப்ரைடே’ என்றால் வெள்ளியும் சேர்ந்தது. பிரிட்டனில் அதையே ‘மண்டே டு ஃப்ரைடே’ என்பார்கள். ‘எவ்ரி அதர் சாட்டர்டே’ என்றால் மற்ற எல்லாச் சனிக்கிழமையும் என்று நினைத்துவிடக் கூடாது, ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை.

இங்கிலாந்தில் ஞாயிறு என்றால் தனியாகவே கேட்டுக்கொள்வது நல்லது. 1994இல் வந்த ஞாயிறு வணிகச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள பெரிய கடைகள் ஞாயிறன்று காலை 10 முதல் மாலை 6 மணிக்குள் தொடர்ந்து 6 மணி நேரம் மட்டுமே விற்பனை செய்யலாம். அதனால்தான் ‘டென் டு ஃபோர்’, ‘லெவன் டு ஃபைவ்’ என்ற பதில் அடிக்கடி வரும். சில பெரிய கடைகள் அரை மணி முன்பே கதவைத் திறந்து பொருட்களைப் பார்க்க விடுவார்கள், ஆனால் கல்லா திறக்காது. ‘ஆர் யூ ஓப்பன்?’ என்றால் ‘யெஸ்’ என்பார்கள், வாங்கத்தான் முடியாது. ஸ்காட்லாந்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அப்புறம் ‘பேங்க் ஹாலிடே’. இது வங்கிக்கு மட்டும் விடுமுறை இல்லை. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் வங்கிகள் மூடும் நாட்களாகத் தொடங்கி, பிரிட்டனில் இப்போது பொது விடுமுறைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ‘ஆர் யூ ஓப்பன் ஓவர் த பேங்க் ஹாலிடே?’ என்று கேட்டால் திங்களோடு சேர்ந்த நீண்ட வார இறுதியைக் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். அமெரிக்காவில் ‘டு யூ ஹேவ் ஹாலிடே அவர்ஸ்?’

கோடைமழை

நன்றி சாளரம். நேரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஓ க்ளாக்’ முழு மணிக்கு மட்டும். ‘சிக்ஸ் தர்ட்டி ஓ க்ளாக்’ என்று சொல்வதில்லை. ‘ஓ க்ளாக்’ வந்தால் ‘பி.எம்.’ வேண்டாம். பன்னிரண்டு மணியை ‘ட்வெல்வ் பி.எம்.’ என்று கேட்டால் பகலா இரவா என்று பலருக்கே குழப்பம். ‘நூன்’ அல்லது ‘மிட்நைட்’ என்று கேளுங்கள்.

பனித்துளி

நண்பர்களே, இன்று மாலை மறுபடி போன் போட்டேன். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நடந்ததை அப்படியே தருகிறேன்.

‘ஹாய், வாட் டைம் ஆர் யூ ஓப்பன் டில் டுடே?’
‘வீ ஆர் க்ளோசிங் எ பிட் எர்லி டுடே. ஹாஃப் சிக்ஸ்.’
‘ஸோ, சிக்ஸ் தர்ட்டி?’
‘யெஸ், சிக்ஸ் தர்ட்டி.’
‘இஃப் ஐ கெட் தேர் பை சிக்ஸ் டுவென்ட்டி, வில் தட் பி ஓகே? ஐ ஜஸ்ட் நீட் டு பிக் அப் மை க்ளாசஸ்.’
‘தட்ஸ் ஃபைன். வாட் நேம் இஸ் இட்?’

‘சாரி?’ என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர் சொன்ன நேரத்தை எண்ணாக மாற்றித் திருப்பிச் சொன்னது எனக்குத் தானாகவே வந்தது. அதைச் சொன்னதும்தான் நெஞ்சு படபடப்பு நின்றது. ஆறு பதினெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அட்டையில் ‘ஓப்பன்’ பக்கம் தெரிந்தது. இந்தப் பதிலை என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ‘டோன்ட் வொரி, வீ ஹேவன்ட் ஸ்டார்ட்டட் கேஷிங் அப் யெட்’ என்றார். கேஷிங் அப் என்றால் என்ன?

நடைவழி

கல்லாவில் இருக்கிற பணத்தை எண்ணி அன்றைய கணக்கை முடிப்பது, பனித்துளி. பிரிட்டிஷ் கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். அது தொடங்கிவிட்டால் அப்புறம் ஒருவருக்கு விற்றாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் சரியான நேரத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள்.